‘தனியாவா வந்தீங்க?’ - நாமக்கல்லில் முதுகுப்பையோடு ஒரு நாள்!

கொல்லிமலைக்குப் போகிறவர்களுக்கு நாமக்கல் என்பது பஸ் மாறும் ஊர். ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். ஆனால், முதுகில் பையை மாட்டிக்கொண்டு தனியாகச் சுற்ற ஆசைப்படுபவருக்கு, அதிலும் முதன்முறை தனியாகக் கிளம்பும் பெண்ணுக்கு, இந்த ஊர் ரொம்பவே தோது. ஊர் நடுவே ஒரே பாறை, 200 அடிக்கு மேல் உயரம். வழி குழம்பினால் அண்ணாந்து பார்த்தால் போதும்.

சேலத்திலிருந்து சுமார் 50 கி.மீ. 2013-லிருந்து சேலம் - கரூர் பாதையில் ரயிலும் ஓடுகிறது. பஸ்ஸில் வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளியூர் பஸ்கள் இப்போது முதலைப்பட்டி புதிய பஸ் ஸ்டாண்டில் நிற்கின்றன. கோட்டைக்கு அங்கிருந்து டவுன் பஸ் பிடிக்க வேண்டும்.

வெயில் ஏறுவதற்குள் கோட்டை ஏறிவிடுவது புத்திசாலித்தனம். பாறையிலேயே வெட்டிய படிகள். மேலே நிழல் கிடையாது. தண்ணீர் பாட்டில் கட்டாயம். உச்சியில் மதில், ஒரு பெருமாள் கோயில், ஒரு தர்கா. கீழே கமலாலயக் குளமும், அதைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கும் ஊரும் தெரியும்.

பாறையின் இரு பக்கமும் இரண்டு குடைவரைகள்: ஒன்றில் நரசிம்மர், மறுபுறம் அரங்கநாதர். அதியர் மரபினர் சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் குடைந்தவை. நரசிம்மர் குகைச் சுவரில் இரணியனை மடியில் கிடத்திய சிற்பத்தின் முன் அவசரப்படாமல் நிற்க வேண்டும். தனியாக வந்ததன் லாபமே அதுதான், ‘போலாமா?’ என்று இழுக்க ஆள் இல்லை! எதிரே 18 அடி ஆஞ்சநேயர், மேற்கூரையில்லாமல், நரசிம்மரைப் பார்த்துக் கை கூப்பி நிற்கிறார். மதியம் நடை சாத்திவிடுவார்கள். கணக்குப் பண்ணிக்கொள்வது நல்லது.

நாமகிரித் தாயார் சந்நிதியும் இங்கேதான். கணிதமேதை ராமானுஜன் வீட்டின் குலதெய்வம். கடல் கடக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்த காலம். இங்கே வந்து மூன்று இரவு படுத்திருந்து தாயாரிடம் உத்தரவு கேட்டார் என்று அவரது வாழ்க்கை வரலாற்றில் ஒரு தகவல் உண்டு. 1914 மார்ச்சில் மனைவியை ஊரில் விட்டுவிட்டுத் தனியாகத்தான் கப்பலேறினார்.

அவரை ஊர் என்னென்ன கேட்டதோ! இன்று பை மாட்டிய பெண்ணைப் பார்த்தால், டீக்கடையிலும் பூக்கடையிலும் கேட்பது ஒன்றுதான்: “தனியாவா வந்தீங்க கண்ணு?” அதில் அக்கறை பாதி, சந்தேகம் பாதி. ‘ஆமாங்க’ என்று சிரித்துவிட்டு நகர்ந்தால் போதும். பெரும்பாலும் அடுத்த வாக்கியம், எந்த பஸ்ஸில் ஏறணும் என்ற யோசனையாகத்தான் இருக்கும்.

உண்மையில், தனியாகப் போகிறவர்களின் உழைப்பில் பாதி வாழும் ஊர் இது. மதியத்துக்கு மேல், முட்டை இல்லாமல் முடியாத சாப்பாட்டை முடித்துக்கொண்டு, லாரி பாடி கட்டும் பட்டறைகள் பக்கம் போனால் அது புரியும். கம்பெனியிலிருந்து வருவது இன்ஜினும் சக்கரமும் கொண்ட சேஸிஸ். முன்பெல்லாம் கேபின் இல்லாமலே, தலையில் ஹெல்மெட்டும் முகத்தில் துண்டுமாக ஒரு டிரைவர் வெயிலிலும் மழையிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி வருவார். இங்கே வெல்டர், தச்சர், டிங்கர், எலெக்ட்ரீஷியன், பெயின்டர் என்று கைமாறிக் கைமாறி அது லாரியாகிறது. கேஸ் டேங்கர்களும் இந்த ஊரின் அடையாளம்.

பட்டறைக்குள் நுழையும் முன் அனுமதி கேட்பது மரியாதை. கேட்டால், பெரும்பாலும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போடுவார்கள். உட்கார்ந்து பார்க்க வேண்டியது பெயின்டர் வேலையைத்தான். முகப்பில் குலசாமி பெயர், பக்கவாட்டில் பூக்கொடி, பின்னால் பிள்ளைகளின் பெயர். வாரக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் குஜராத்துக்கும் அசாமுக்கும் போகிறவர், வீட்டையே வண்டியில் எழுதிக்கொண்டு போகிறார். முன்பு கூடவே கிளீனர் ஒருவர் இருப்பார். இப்போது பல வண்டிகளில் டிரைவர் மட்டும்தான்.

வேலை முடிந்த வண்டிக்குச் சாயங்காலம் மாலை போட்டு, கற்பூரம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். பழம் நசுங்கியதும் வண்டி பைபாஸ் பக்கம் திரும்பும்.