மாமூல் வழித்தடம்

ஜூலை 20, ஞாயிறு

டிராக்டர் உள்ளே போகவில்லை. நிலத்துக்குத் திரும்பும் இடத்தில் கருவேல முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஓட்டிவந்த பையன் இன்ஜினை அணைக்காமலே, "யார்கிட்டயாவது பேசிட்டு வாங்க சார், டீசல் எரியுது" என்றான். இவர் பத்திர நகலை உறையிலிருந்து எடுத்து, முள்ளுக்கு முன்னால் நின்று சத்தமாகப் படித்தார். 'மாமூல் வழித்தடத்தில் நடை, வண்டி, வாகனம் போய்வரும் பாத்தியமும் சேர்த்து...' கேட்க அங்கே ஓர் ஆடுதான் இருந்தது.

கல்யாணமாகி 31 வருஷத்தில் பால் கணக்கைத் தவிர நான் எதையும் எழுதி வைத்ததில்லை. இன்று எழுதாவிட்டால் நாளைக் காலை இவர் வேறு மாதிரி சொல்லுவார். நானும் அதை நம்பிவிடுவேன்.

ஜூலை 21

தூங்கவில்லை. இரண்டு பேருமே.

ஜூலை 24

இவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஓய்வுப் பணத்தில் வாங்குகிறோம் என்று எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தார். 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டார், சுத்தமாக இருந்தது. பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம், தாய்ப்பத்திரம். பஞ்சமி நிலமாக இருந்துவிடப் போகிறதே என்று தனியாக விசாரித்தார். 1892-ல் வெள்ளைக்காரர்கள் பட்டியல் சாதியினருக்கென்று ஒதுக்கிய நிலம் அது, மற்றவர் வாங்கினால் செல்லாது என்று எனக்கும் வகுப்பு எடுத்தார். கோயில் நிலம் இல்லை, ஏரிப் புறம்போக்கு இல்லை. பட்டாவில் 0.42.50 ஹெக்டேர் என்றிருந்ததைக் கால்குலேட்டரில் தட்டி, 1 ஏக்கர் 5 சென்ட் சரிதான் என்று தலையாட்டினார். முத்திரைக்கு 7, பதிவுக்கு 2 என்று நூற்றுக்கு 9 ரூபாய் கட்டிவிட்டு வந்த அன்று அல்வா வாங்கி வந்தார்.

வழியை மட்டும் பார்க்கவில்லை. வழிதான் கண்ணெதிரே இருந்ததே! நாலு தடவை காரிலேயே அதில் போய் இறங்கியிருக்கிறோம். வண்டிப்பாதை என்றால் புல வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டியிருப்பார்களாம். இன்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். எறும்பு போகக்கூடக் கோடில்லை.

ஜூலை 27

கிணற்றில் எட்டில் ஒரு பங்கு என்று பத்திரத்தில் இருக்கிறது. எட்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் நமக்கு. ஆனால் மோட்டாரும் இலவச மின் இணைப்பும் விற்றவருடைய சித்தப்பா பெயரில் இருக்கின்றன. அவர் சுவிட்சைப் போட்டால்தான் நம் முறை வரும். இதை இவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு கவலை போதும்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. ஐந்து வகைச் சாதம் செய்தேன். இவர் தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 6

வக்கீலைப் பார்த்தோம். முன்பக்கம் இருக்கும் 38 சென்ட் விற்றவருடைய தங்கையின் அனுபவத்தில் இருக்கிறது. அப்பா உயிரோடிருந்தபோது வாய்வார்த்தையாகக் கொடுத்தது. எழுத்தில் இல்லாதது வில்லங்கச் சான்றில் எப்படி வரும்? வழி அந்த 38 சென்ட் வழியாகத்தான் போகிறது. தன் அனுபவத்தில் இல்லாத மண்ணில் அண்ணன் எங்களுக்குப் பாதை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"அப்பாவோட வாரிசுச் சான்று கேட்டு வாங்குனீங்களா?" என்றார் வக்கீல். இவர் பட்டாவை நீட்டினார், அது மகன் பெயரில்தானே இருக்கிறது என்று. "பட்டா யார் பேர்ல இருக்குங்கறது வேற, பாத்தியம் யாருக்குங்கறது வேற சார்" என்று ஆரம்பித்து, பொறுமையாகச் சொன்னார். மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்று 2005-ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1989-ல். வாய்வார்த்தைப் பாகப்பிரிவினையை லேசில் ஏற்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தாக இருந்தாலும், உயில் எழுதாமல் போயிருந்தால் மகளுக்குச் சம பங்கு. ஆகவே அந்த 38 சென்ட் மட்டுமில்லை, நாங்கள் வாங்கிய ஏக்கரிலும் அந்தம்மாவுக்குப் பங்கு நிற்கிறது.

"நீங்க வழிக்குக் கேஸ் போட்டா, அந்தம்மா பாகத்துக்குப் போடும்."

ஆகஸ்ட் 7

"பொம்பளைங்க இப்பல்லாம் நல்லா சட்டம் பேசக் கத்துக்கிட்டாங்க" என்றார் இவர். ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். தெரியாமல்தான்.

ஆகஸ்ட் 17

தாம்பரத்தில் சிநேகிதி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு, திருவண்ணாமலை பஸ் ஏறினேன். அங்கிருந்து டவுன் பஸ், அப்புறம் ஒரு மைல் நடை.

சண்டைக்குத் தயாராகப் போனேன். வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள், என் வயசுதான் இருக்கும். யாரென்று சொன்னதும் பாயை இழுத்துப் போட்டாள். "முள்ளு உங்களுக்குப் போட்டதில்லம்மா. எங்கண்ணனுக்குப் போட்டது. நீங்க நடுவுல வந்து மாட்டிக்கிட்டீங்க."

விற்கப் போவதாக அண்ணன் ஒரு போன்கூடச் செய்யவில்லையாம். பக்கத்துக் கொல்லைக்காரர் சொல்லித்தான் தெரியும். பணத்தைக்கூட இல்லை, அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்புறம் சட்டென்று கேட்டாள்.

"உங்களுக்குக் கூடப்பொறந்தவங்க?"

"ஒரு தம்பி."

"நெலம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

மோர் கொடுத்தாள். குடித்தேன். கிளம்பும்போது வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் ரெண்டு படி மல்லாட்டையைப் பையில் கொட்டினாள். வழியைப் பற்றி நான் பேசவே இல்லை என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஆகஸ்ட் 18

கடலை ஏது என்று கேட்டார். மார்க்கெட்டில் வாங்கியது என்றேன்.

ஆகஸ்ட் 26

பீரோவில் புடவைகளுக்கு அடியில் என் விடுதலைப் பத்திரத்தின் ஜெராக்ஸ் கிடைத்தது. 2011. 'ரொக்கம் ரூபாய் 50,000 பெற்றுக்கொண்டு' என்றிருக்கிறது. பெற்றுக்கொண்டது அரக்கு பார்டர் போட்ட ஒரு பட்டுப்புடவை. அன்று நான் படிக்கவில்லை. பையனுக்கு அரையாண்டுப் பரீட்சை, மூணு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இன்று கடைசிவரை படித்தேன். கிணற்றிலும் மாமூல் வழித்தடத்திலும் எனக்கிருந்த பாத்தியத்தையும் சேர்த்து விட்டுக் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 2

அளந்து கல் நடப் பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறார். கல் நம் எல்லையைக் காட்டும், வழியைக் காட்டாதே என்றேன். பதில் இல்லை. அந்தம்மாவின் பங்குக்கான பணத்தை அவளுக்கே கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடலாம், வக்கீலும் அதைத்தான் சொன்னார் என்றேன்.

"ஒரே நிலத்துக்கு ரெண்டு தடவை பணமா? ஒரு நல்ல புடவையா எடுத்துக் கொடுத்தா கையெழுத்துப் போட மாட்டாங்களா?"

செப்டம்பர் 5

தம்பி போன் செய்தான். எடுக்கவில்லை.

செப்டம்பர் 14

அங்கே நல்ல மழையாம். ஆடிப்பட்டம் தாண்டிவிட்டது. முள் அப்படியேதான் கிடக்கிறது என்று டிராக்டர் பையன் சொன்னான். முன்பணம் 500 ரூபாயைத் திருப்பித் தர மாட்டானாம்.