ஸ்டெப்னிக்குப் பின்னால் இரண்டு சைக்கிள்!

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குத் திருவான்மியூர் சிக்னலைத் தாண்டினால், ஈ.சி.ஆர். சைக்கிள்காரர்களின் சாலை. ஹெல்மெட்டும் பின்பக்கச் சிவப்பு விளக்குமாக அக்கரை, முட்டுக்காடு என்று போய்க்கொண்டே இருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே இப்போது இன்னொரு காட்சியும் கண்ணில் படுகிறது. தார், ஜிம்னி, கூர்க்கா மாதிரி கரடுமுரடான வண்டி. அதன் முதுகில் சைக்கிள்கள். மயிலாப்பூரிலிருந்தோ தி.நகரிலிருந்தோ குடும்பத்தோடு கிளம்பி, நெரிசலைக் காரில் கடந்து, கடற்கரைச் சாலையில் சைக்கிளை இறக்கி ஓட்டிவிட்டு, டிபனுக்கு வீடு திரும்புகிற திட்டம். பள்ளி விடுமுறை வந்தால் இதே ஆசை ஏலகிரி வரை நீளும்.

ஆசை நல்லதுதான். ஆனால் சைக்கிளை எதில் மாட்டுவது என்று தேட ஆரம்பித்தால் தலை சுற்றும். வெளிநாட்டு வீடியோக்களில் வருவது ‘ஹிட்ச்’ ரேக். காரின் அடியில், சேஸியோடு சேர்ந்து பின்பக்கம் பார்த்தபடி ஒரு சதுரக் குழாய் இருக்கும். ரேக்கின் தண்டை அதில் செருகி, குறுக்கே ஒரு பின்னைத் தள்ளினால் வேலை முடிந்தது. அமெரிக்காவில் இது தெருவுக்குத் தெரு உண்டு. நம் ஊரில் வண்டி வாங்கும்போது இந்தக் குழாய் கூடவே வருவதில்லை. கயிறு கட்டி இழுப்பதற்கான கொக்கி இருக்கும், அதில் ரேக் நிற்காது.

கூரை மேல் மாட்டினால் என்ன என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தாரின் உயரம் சுமார் 1.85 மீட்டர். அதன் மேல் சைக்கிள் நின்றால் 3 மீட்டரை நெருங்கும். தி.நகரில் வணிக வளாகத்தின் அடித்தளத்துக்குள்ளும் நுழைய முடியாது, நம் அடுக்குமாடியின் தூண் தளத்துக்குள்ளும் நுழைய முடியாது. மேலே சைக்கிள் இருப்பதை மறந்து ஒருமுறை உள்ளே விட்டால் போதும், சைக்கிளும் கூரையும் சேர்ந்து போகும். துணிக் கூரை வண்டியில் அந்த யோசனைக்கே இடமில்லை. தவிர, 17 கிலோ சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி வைக்க வீட்டில் எத்தனை பேருக்கு முடியும்? இடுப்பு உயரத்தில் ஏற்றி இறக்கலாம் என்பதுதான் பின்பக்க ரேக்கின் பெரிய வசதி.

பின்பக்கத்திலும் இரண்டு வழி. ஒன்று ஹிட்ச். மற்றொன்று, ஸ்டெப்னி மேலேயே பொருத்துகிற ரேக். தார், ஜிம்னி, கூர்க்கா மூன்றுமே ஸ்டெப்னியைப் பின்கதவில் சுமக்கிற வண்டிகள் என்பதால் இரண்டாவது வழி எளிதாகத் தோன்றும். விலையும் குறைவு. கதவைத் திறந்தால் ரேக்கும் கூடவே வந்துவிடும். சிக்கல் கதவின் கீல்களில். ஸ்டெப்னியின் எடையே கணிசம். அதன் மேல் ரேக், அதற்கும் மேல் இரண்டு சைக்கிள் என்றால், எல்லாம் கதவின் கீலில்தான் தொங்குகிறது. தார்ச்சாலையில் முட்டுக்காடு போய்வர, எடை குறைந்த இரண்டு சைக்கிளுக்கு இது போதும் என்பது என் கருத்து. மண்பாதையில் இறங்குகிற வண்டிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

ஆகவே ஹிட்ச். அதற்கான குழாயை எங்கே போடுவது? சென்னையில் இந்தக் கேள்வி உங்களை இரண்டு இடங்களுக்கு அழைத்துப் போகும். அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முதலாவது. கார் அலங்காரப் பொருட்கள், சீட் கவர், கூரைக் கேரியர் என்று வரிசையாகக் கடைகள். இன்னொன்று புதுப்பேட்டை. பிரித்துப்போட்ட வண்டிகளின் மலைகளுக்கு நடுவே, எந்த வண்டிக்கும் எதையும் பொருத்தித் தருகிற கைகள் அங்கே உண்டு. அந்தத் திறமை மேல் எனக்கு மரியாதை அதிகம். ஆனால் ரேக் விஷயத்தில், போவதற்கு முன் ஒரே ஒரு அளவை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

இறக்குமதி ரேக்குகளின் தண்டு 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர். நம் இரும்புக் கடைகளில் கிடைப்பது மில்லிமீட்டர் கணக்குக் குழாய். உள்ளளவு 50 என்று செய்தால் தண்டு நுழையாது. 60 மில்லிமீட்டர் குழாயை 4 மில்லிமீட்டர் கனத்தில் எடுத்தால் உள்ளளவு 52 வரும். தண்டு நுழையும், ஆனால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். குழாய்க்குள் ஆடுவது ஒரு மில்லிமீட்டர் என்றால், ஒரு முழம் தள்ளிச் சைக்கிள் இருக்கிற இடத்தில் அது பல மடங்காகும். ஒவ்வொரு வேகத்தடையிலும் ‘டக் டக்’ என்று இடிக்கும். இடி தொடர்ந்தால் பின் துளை நீள்வட்டமாகத் தேயும். முறையான குழாயின் வெளியளவு இரண்டரை அங்குலம், கனம் கால் அங்குலம். பின்னின் தடிமன் சுமார் 16 மில்லிமீட்டர். ஒன்றேகால் அங்குலக் குழாயும் உண்டு. அது சிறிய கார்களுக்கு. அதில் அடாப்டர் போட்டு 2 அங்குல ரேக்கை மாட்டும் யோசனை வேண்டாம், தாங்கும் எடை குறைந்துவிடும்.

குழாயை பம்பரில் பற்றவைக்கவே கூடாது. இந்த மூன்று வண்டிகளும் தனிச் சேஸி மேல் உடல் உட்கார்ந்திருப்பவை. அந்தச் சேஸியின் இரு பக்க உத்திரங்களிலும் போல்ட் போட்டு நிற்பதுதான் சரி. அதிலும் வண்டி நிறுவனமே ஒப்புக்கொண்ட பாகம் கிடைக்குமா என்று ஷோரூமில் முதலில் கேளுங்கள். காரணம் சட்டம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதற்கு முன்பே, 2017 டிசம்பரில், முன்பக்க இரும்புத் தடுப்புகள் மேல் நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. கழற்றி மாட்டுகிற ரேக்தானே என்று போலீஸ்காரரிடம் வாதாடிப் பார்க்கலாம். சேஸியில் பற்றவைத்த குழாய்க்கு அந்த வாதமும் இல்லை. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. விபத்துக்குப் பிறகு தெரிவித்தால் அது விளக்கம், முன்பே தெரிவித்தால் அது தகவல்.

இன்னும் இரண்டு சட்டச் சிக்கல் உண்டு, இரண்டுமே நம் ஊருக்கே உரியவை. முதலாவது நம்பர் பிளேட். சைக்கிள் ஏற்றியதும் பிளேட்டும் பின் விளக்குகளும் மறையக்கூடும். ஐரோப்பாவில் ரேக்கிலேயே விளக்குப் பலகையும் எண் பலகை மாட்டும் இடமும் வரும். நம்முடைய உயர் பாதுகாப்புப் பிளேட்டோ ஒருமுறை பூட்டினால் உடைத்துத்தான் எடுக்க முடியும், கழற்றி ரேக்குக்கு மாற்ற வழியில்லை. ஆகவே கடையில் வாங்கும் முன், சைக்கிள் ஏற்றிய நிலையில் பத்தடி பின்னால் நின்று பாருங்கள். பிளேட் முழுதாகத் தெரிகிறதா? பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள், விளக்கு தெரிகிறதா? ஜிம்னிக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதன் பின் விளக்குகள் பம்பரிலேயே, தாழ்வாக இருக்கின்றன. சைக்கிள் சக்கரம் நேராக அங்கேதான் வந்து நிற்கும்.

இரண்டாவது அகலம். பெரியவர்கள் ஓட்டும் கியர் சைக்கிளின் நீளம் 1.7 முதல் 1.8 மீட்டர் வரை. தாரின் அகலம் 1.82 மீட்டர் என்பதால் மட்டுமட்டாக அடங்கிவிடும். ஜிம்னியின் அகலம் 1.645 மீட்டர்தான். இரு பக்கமும் டயர் வெளியே நீட்டும். சுமை அனுமதித்த அளவைத் தாண்டிப் பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருந்தால், 2019-ல் திருத்திய சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். அபராதத்தை விடுங்கள். நம் சாலையில் காரை ஒட்டி உரசிப் போவது யார்? ஸ்கூட்டியில் பிள்ளையை உட்கார வைத்துப் போகிற அம்மாதான். அவர் கண் காரின் கண்ணாடியை அளக்குமே தவிர, அதற்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் டயரை அளக்காது. முன் சக்கரத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டால் நீளம் குறையும், பிரச்னையும் தீரும்.

இனி ரேக்கின் வகை. கம்பத்திலிருந்து இரண்டு கைகள் நீண்டு, சைக்கிளின் மேல் தண்டைப் பிடித்துத் தொங்கவிடும் வகை மலிவு, எடையும் குறைவு. ஆனால் நம் வீட்டுச் சைக்கிள்களை நினைத்துப் பாருங்கள். லேடிபேர்ட் போன்ற பெண்கள் சைக்கிளுக்கு நேரான மேல் தண்டே கிடையாது. பிள்ளைகளின் குட்டி சைக்கிளில் அந்தக் கைகள் நுழைய இடமிருக்காது. தொங்குவது ஊஞ்சல் மாதிரி ஆடி, ஒன்றையொன்று உரசிப் பெயின்ட்டும் போகும். குடும்பத்துக்கு ஏற்றது, இரண்டு சக்கரத்தையும் தட்டில் நிறுத்தி டயரைப் பிடிக்கும் மேடை வகை. எந்த வடிவச் சைக்கிளும் நிற்கும். குறை, எடை. நல்ல மேடை ரேக்கே 20 கிலோவுக்கு மேல். ஸ்வீடனில் 1942-ல் தொடங்கிய தூலே போன்ற நிறுவனங்களின் ரேக் வாங்கும் பணத்தில் நல்ல சைக்கிள் ஒன்றே வாங்கிவிடலாம்.

எடைக் கணக்கை வீட்டுத் தராசிலேயே போடுங்கள். ரேக் 22 கிலோ, அப்பா சைக்கிள் 16, அம்மா சைக்கிள் 18. மொத்தம் 56. இது நிற்கும்போது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அதே எடை இரண்டு மூன்று மடங்காகக் குழாயை உலுக்கும். அதனால்தான் பல ரேக்குகளின் கையேட்டில், மண்பாதைக்கு இது ஏற்றதல்ல என்றோ, அங்கே சைக்கிளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்றோ எழுதியிருக்கும். விற்பவர் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்ட மாட்டார். நீங்களே திறந்து படியுங்கள்.

மண்பாதை என்றதும் இன்னொரு கணக்கு. பின் சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பர் 60 சென்டிமீட்டர் தள்ளி, 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். மேட்டிலிருந்து இறங்கும்போது சுமார் 37 டிகிரி வரை பின்பக்கம் தரையில் இடிக்காது. அதே உயரத்தில் 80 சென்டிமீட்டர் ரேக் நீண்டால் அது 18 டிகிரியாகச் சுருங்கிவிடும். லட்சங்கள் கொடுத்து வாங்கிய ஃபோர் வீல் வண்டி, பின்பக்கம் ஒரு சாதாரண கார் ஆகிவிட்டது என்று அர்த்தம். ஆகவே தண்டு மேல்நோக்கி வளைந்து ஏறும் ரேக்காகப் பாருங்கள். சைக்கிள் இல்லாதபோது செங்குத்தாக மடங்கவும் வேண்டும். ஓடைப் பாதை வந்தால் சைக்கிளை இறக்கிவிட்டுப் போவதே உத்தமம்.

கதவு விஷயத்தை மறக்கக் கூடாது. இந்த வண்டிகளின் பின்கதவு பக்கவாட்டில் திறக்கும். மற்ற கார்களில் ரேக்கைப் பின்னால் சாய்த்தால் டிக்கி திறந்துவிடும். இங்கே சாய்த்தாலும் ஸ்டெப்னி வந்து ரேக்கில் இடிக்கும். மொத்த ரேக்கையும் ஒரு பக்கமாகக் கதவு போலச் சுழற்றும் வகை உண்டு. எடையும் விலையும் அதிகம். அது இல்லையென்றால், குழந்தையின் பால் பாட்டிலும் மழைக்கோட்டும் பின்பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். தேவைப்படுவதை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் தாண்டி வாங்கிய பிறகு நகரம் ஒரு பரீட்சை வைக்கும். கபாலீசுவரர் கோயில் மாட வீதியில் பங்குனித் தேர் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் திரும்பத் திரும்பப் பின்பக்கம் எதிர்ப்புறம் வீசும். கட்டை போடுகிறவர்களின் கண் எப்போதும் சக்கரத்தில் இருக்கும். ரேக் மாட்டிய வண்டியும் அப்படித்தான். சக்கரத்துக்குப் பின்னால் நீளம் கூடக் கூட, திருப்பத்தில் பின்முனை வெளியே வீசும். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்து ஒடுங்கிய லஸ் பகுதியிலும் பனகல் பார்க் பக்கமும் இது நன்றாகவே தெரியும். நிறுத்துவதிலும் சிரமம்தான். நம் கட்டட விதிப்படி ஒரு காருக்கான இடம் 5 மீட்டர் நீளம். தார் 3.985 மீட்டர். ரேக்கை மடித்தால் அடங்கும், விரித்தால் விளிம்பில் நிற்கும். 4.428 மீட்டர் நீளமுள்ள தார் ராக்ஸ், விரித்த ரேக்கோடு நிச்சயம் வெளியே நீட்டும். எதிர் வீட்டுக்காரரோடு வாரா வாரம் பஞ்சாயத்து வேண்டாம் என்றால், வேலை முடிந்ததும் ரேக்கைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கவேண்டும். 22 கிலோவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற முடியுமா என்பதும் வாங்கும் முன் யோசிக்க வேண்டியதே.

அடையாறு, பெசன்ட் நகர்க்காரர்களுக்கு உப்புக்காற்று கூடுதல் எதிரி. பட்டறையில் செய்த இரும்புக்கு வெறும் பெயின்ட் ஒரு மழைக்காலம் தாங்கினால் அதிசயம். துத்தநாகக் குளியல் போட்டு வாங்குங்கள். குழாய் வாய்க்கு ஒரு ரப்பர் மூடி, பின்னுக்குக் கொஞ்சம் கிரீஸ். இல்லையென்றால் அடுத்த தை மாதம் தண்டு குழாயோடு ஒட்டிக்கொண்டு வெளியே வராது. சைக்கிள் டயர் புகைக்குழாய்க்கு நேர் எதிரே நிற்கிறதா என்றும் பாருங்கள். நின்றால் சூட்டில் டயர் பாழாகும்.

அடையாறில் இருப்பவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை. திருவான்மியூர் உங்களுக்குச் சைக்கிளில் கால் மணி நேரம். ஈ.சி.ஆருக்காக மட்டும் என்றால் ரேக்கே வேண்டாம், வீட்டு வாசலிலேயே ஏறி மிதிக்கலாம். ஏலகிரி, ஏற்காடு என்று போகிறவர்களுக்குத்தான் இந்தச் செலவு நியாயம். புலவர்கள், வள்ளல்கள் பெயர் சூட்டிய ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை மிதித்தே ஏறுகிற ஆசைக்கு, அடிவாரம் வரை சைக்கிளைக் கொண்டுசேர்க்க ஒரு வண்டி வேண்டும்தான்.

முதல் பயணத்தை அங்கே வைக்காதீர்கள். ஒரு ஞாயிறு அதிகாலை, முட்டுக்காடு படகுத்துறை வரை மட்டும் போங்கள். அங்கே நிறுத்தி இறங்கி, பின் அதன் இடத்தில் இருக்கிறதா, கிளிப் மாட்டியிருக்கிறதா, பட்டைகள் தளர்ந்தனவா என்று கையால் பிடித்துப் பாருங்கள். சைக்கிளைப் பிடித்து உலுக்கினால் கார் மொத்தமும் சேர்ந்து ஆடவேண்டும். சைக்கிள் மட்டும் ஆடினால், பட்டையை இன்னொரு பல் இறுக்கிவிட்டு, காயலைப் பார்த்தபடி ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.