மூன்று மணி ரீஸ்டார்ட்

எங்கள் ஆலத்தியூர் வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது மொட்டைமாடியில்தான். 2021இல் ஊருக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தபோது, ராத்திரி மூன்று மணிக்கு லேப்டாப்போடு அங்கே போய் உட்காருவேன். தூரத்தில் சிமெண்ட் ஆலையின் விளக்குகள். ரோட்டில் லாரிச் சத்தம். சென்னையில் ஓடும் ஒரு சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ரத்தப் பரிசோதனை முடிவுகளை நோயாளிகள் போனிலேயே பார்ப்பதற்கான அப்ளிகேஷன் அது. ஜாவாவில் எழுதியது. காலையில் நன்றாக ஓடும், சாயங்காலம் திணறும். ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டால் மறுநாள் செத்துவிடும். முதலில் டேட்டாபேஸ் மேல்தான் சந்தேகப்பட்டோம். இண்டெக்ஸ் போட்டோம், குவெரிகளை மாற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. ரீஸ்டார்ட்டைத் தானாக நடக்கவிட்டபோது ஒருநாள் சர்வர் எழுந்திருக்கவே இல்லை. அதற்கப்புறம் முறை வைத்து ஆள்தான் செய்தோம். எட்டு மாசம். ஏன் இப்படி ஆகுதுன்னு யாருமே கேட்கலை, நானும்தான்.

டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் முறை அன்றைக்கு. அவள் வீட்டில் கரண்ட் இல்லை, தூங்கிப்போனாள். காலையில் சர்வர் விழுந்தது. மத்தியானம் வரை யாருக்கும் ரிசல்ட் போகவில்லை. மாசக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மீட்டிங்கில் நான் மைக்கை ம்யூட்டில் வைத்திருந்தேன்.

பிறகுதான் உறுத்தியது. சர்வர் திணறும் நேரம் பார்த்து ஹீப் டம்ப் எடுத்தேன். அந்த நொடியில் மெமரியில் என்னென்ன இருக்கிறது என்பதன் முழுப் பட்டியல் அது. முக்கால்வாசி இடத்தை ஒரே ஒரு ஸ்டாட்டிக் ஹாஷ்மேப் பிடித்திருந்தது. ஒரே கேள்விக்காக டேட்டாபேஸிடம் இரண்டு தடவை போக வேண்டாம் என்று யாரோ எழுதிய கேஷ். ஆனால் சாவியில் நோயாளி எண்ணோடு கேட்ட நேரமும் நொடிவரை சேர்ந்திருந்தது. அதனால் ஒரு தடவை வைத்த பதில் திரும்பப் பயன்படவே இல்லை. அதை நீக்கவும் ஒரு வரி கிடையாது.

மெமரி லீக்கைக் கசிவு என்கிறோம். ஆனால் இங்கே எதுவும் வெளியே ஒழுகுவதில்லை, விட வேண்டியதை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் பிரச்சினை. யாரும் பிடித்திருக்காத பொருளை மட்டும்தான் ஜாவாவின் கார்பேஜ் கலெக்டர் அள்ளிப்போடும். மேப் பிடித்திருந்தால் தொடாது. இடம் குறையக் குறைய அள்ள ஏதாவது கிடைக்குமா என்று அது திரும்பத் திரும்பத் தேடும். சிபியு முழுக்க அதிலேயே போய்விடும். அதைத்தான் நாங்கள் டேட்டாபேஸ் மெதுவாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 1992 நவம்பர் 4 அதிகாலை லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கணினி அமைப்பு நின்றுபோனது. மூன்று வாரம் முன்பு ஒரு புரோகிராமர் விட்டுவைத்த சின்னக் கோட் துண்டுதான் காரணம். வண்டி அனுப்பும் தகவல் உருவாகும் ஒவ்வொரு தடவையும் அது சர்வரில் கொஞ்சம் மெமரியை எடுத்துக்கொண்டு திருப்பித் தராமல் வைத்திருந்தது.

மேப் இருந்த வரியை யார் எழுதியது என்று கிட் பிளேம் போட்டுப் பார்த்தேன். என் பெயர் வந்தது.

சரிசெய்ய இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. சாவியிலிருந்து நேரத்தை எடுத்தேன், மேப்புக்கு ஒரு வரம்பு வைத்தேன். பிறகு மூன்று நாட்கள் சர்வரை யாரும் தொடவில்லை, மெமரி ஒரே மட்டத்தில் நின்றது. மேனேஜர் பாராட்டினார். பிழை யாருடையது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாலாவது நாள் மொட்டைமாடியிலிருந்து அந்தப் பெண்ணுக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அண்ணா, இதை மெயில்ல எழுதித் தருவீங்களா? அடுத்த இன்டர்வியூல ஏன் வேலை போச்சுன்னு கேப்பாங்க."

எழுத ராத்திரி முழுக்க ஆனது. மேனேஜரையும் சிசியில் போட்டேன். அனுப்பு பட்டனை அழுத்தியபோது மணி மூன்று.