பெயர் எழுதாத பரிசு

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கியதும் எங்கள் வகுப்பில் சீட்டுக் குலுக்குவோம். யார் பெயர் வருகிறதோ அவளே நம் கிறிஸ்மஸ் தோழி. விழா நாள்வரை நாம் யாரென்று காட்டிக்கொள்ளாமல் அவளுக்குச் சிறு சிறு பரிசுகள் வைக்க வேண்டும். இந்த ஆண்டு என் தோழியின் மேசைக்குள் ஒரு பேனாவை வைத்தேன். வைத்த ஐந்தாம் நிமிடமே "நான்தான் வைத்தேன்" என்று சொல்லிவிட என் நாக்கு துடித்தது. ஒரு பேனாவுக்கே இவ்வளவு பெருமையா என்று வெட்கமாக இருந்தது. அப்போது நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது வந்த டிசம்பர் நினைவுக்கு வந்தது.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நம் தூத்துக்குடி மாவட்டத்தில் யார்தான் மறப்பார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அப்பா வாசலில் கட்டியிருந்த காகித நட்சத்திரம் கிழிந்து மிதந்தது. மின்சாரம் இல்லை. ஆச்சிக்குக் கொடுக்கப் பால்கூட இல்லை. மறுநாள் மாலை, கடலில் ஓட வேண்டிய வள்ளம் ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்தது. அதில் வந்த மீனவ அண்ணன் பால் பாக்கெட்டுகளையும் ரொட்டியையும் இரண்டு மெழுகுவத்திகளையும் மாடிப்படியில் வைத்தார். "ஆச்சியப் பத்திரமாப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

டிசம்பர் 30 அன்று திரைப்பட நடிகர் விஜய் திருநெல்வேலிக்கு வந்து, வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட இரு மாவட்ட மக்களுக்கும் நிவாரணப் பொருட்கள் வழங்கினார். தொலைக்காட்சி முன்னால் கண்கொட்டாமல் அமர்ந்திருந்தேன். பசித்தவருக்கு யார் கொடுத்தாலும் அரிசி அரிசிதான். அதை நான் குறை சொல்லவில்லை. குறை என்னுடையது. அவர் எப்படிச் சிரித்தார், எப்படி நடந்தார் என்று ஒரு வாரம் பேசினேன். வரிசையில் நின்று வாங்கியவர்களில் ஒருவர் முகம்கூட என் மனத்தில் பதியவில்லை.

ஒருநாள் ஆச்சி என்னைக் கேட்டார்: "வள்ளத்துல வந்த தம்பி பேரு என்னட்டி?"

நான் விழித்தேன். நடிகரின் பிறந்தநாள் தெரியும், படங்களின் பெயர்கள் வரிசையாகத் தெரியும். எங்களுக்குப் பால் கொடுத்தவரின் பெயரை நான் கேட்கவேயில்லை!

அதே வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் திருச்செந்தூர் ரயில் சிக்கிக்கொண்டது. ஏறக்குறைய 800 பயணிகள். அருகிலிருந்த புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து சமைத்துப் போட்டார்கள். அவர்களில் யாருடைய படம் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது?

கிறிஸ்மஸ் தாத்தாவின் கதைக்கு மூலமான புனித நிக்கோலாஸ் நான்காம் நூற்றாண்டில் மீரா நகரின் ஆயராக இருந்தவர். மூன்று பெண்களை மணமுடித்துக் கொடுக்க வழியற்ற ஏழைத் தந்தையின் வீட்டுக்குள் இரவில் யாரும் அறியாமல் பொன் முடிப்புகளைப் போட்டார் என்பது மரபு. அந்தத் தந்தை வெட்கப்படக் கூடாது என்றுதானே இருளில் வந்திருப்பார்!

அன்புத் தோழியரே, பெத்லகேமில் தோன்றிய விண்மீனும் ஒரு நட்சத்திரந்தான். அதைப் பார்த்தவர்கள் அதன் கீழே இருந்த ஏழைக் குழந்தையைக் கண்டார்கள். நாமோ நட்சத்திரங்களை மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பேனாவை வைத்தது யாரென்று விழா நாள்வரை நான் சொல்லவில்லை. இந்தக் கிறிஸ்மஸ் இரவில் பனிமய மாதா பேராலயத்தில் திருப்பலி முடிந்து கூட்டம் கலைந்தபோது, மீனவ அண்ணன்மார் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றேன். அவரைக் காணவில்லை. கண்டால் முதலில் பெயரைக் கேட்பேன். பிறகு ஆச்சி நலமாக இருக்கிறார் என்று சொல்வேன்.