டயரின் முனகல்

சென்ற மாதம் குலசேகரம் சாலையில், ரப்பர் தோட்டங்களின் நிழலுக்குள் கார் நுழைந்தபோது, ஓராண்டுக்குப் பின் சென்னையிலிருந்து வந்திருந்த தங்கை கேட்டாள்: “என்னண்ணா, வண்டி இப்படி முனங்குது?”

எனக்குக் கேட்கவில்லை. அவள் சொன்ன பிறகு, அதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

சக்கரத்து பேரிங் போயிருக்கும் என்று எண்ணினேன். மெக்கானிக் சிரித்தபடி டயரின்மேல் உள்ளங்கையை ஓட்டச் சொன்னார். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு. எதிர்ப்பக்கம் தடவினால் வாள்பல். டயரின் கட்டைகள் ஒரு விளிம்பில் அதிகம் தேய்ந்து, ஒவ்வொன்றும் சாலையை அறைகின்றன. போதாததற்கு, வயதேற ஏற ரப்பர் இறுகுகிறது. ரப்பர் பால் வடியும் ஊர்க்காரனுக்கு இதைப் பிறர் சொல்ல வேண்டியிருந்தது! ஐரோப்பாவில் 2012 முதல் டயரின் ஒலியளவை டெசிபலில் அச்சிட்டே விற்கிறார்கள். அதுவும் புது டயரின் ஒலிதான். தேய்ந்தபின் எழும் ஒலிக்குச் சீட்டு இல்லை. முன்பின் சக்கரங்களை அவ்வப்போது இடம் மாற்றியிருந்தால் இத்தனை தேய்ந்திராதாம். நான் மாற்றியதேயில்லை.

அன்றிரவு தங்கை இன்னொன்றும் கேட்டாள். “படியேறும்போது அம்மைக்கு எப்பவுமே இப்படித்தான் மூச்சு வாங்குதா?”

நான் அம்மாவுடன் ஒரே வீட்டில் இருப்பவன்.

புது டயர்கள் போட்டாயிற்று. வியாழக்கிழமை அம்மாவை நாகர்கோவிலுக்கு, டாக்டரிடம் அழைத்துப் போகிறேன்.