இறம்பொடை ஏற்றத்தில் ஒரு துளி எண்ணெய்

யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிளொன்றின் வலிமையைச் சோதிக்க விரும்புவோர் அதனை வன்னி வெயிலிலே ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. மலைநாட்டின் குளிரிலே ஏற்றிப் பார்த்தாற் போதும். கேட்போர்க்கு இது விந்தையாகத் தோன்றும். வெயில் சுடுமிடத்திலன்றோ எஞ்சினும் சூடாகும் என்று மாணவர் கேட்கக்கூடும். உண்மை வேறு.

ஆனையிறவு, பரந்தன், மாங்குளம், வவுனியா எனத் தெற்கே நீளும் கண்டி வீதி பெரும்பாலும் சமதரை. மேலே வெயிலும் கீழே தாரும் நம்மை வாட்டினாலும், எதிர்க்காற்று எஞ்சினைச் சூழ்ந்துள்ள மெல்லிய தகடுகளினூடே புகுந்து வெப்பத்தை அள்ளிச் செல்கின்றது. பேராதனையிலே திரும்பி, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகின்றது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள பேராதனையிலிருந்து, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா வரை, வண்டியும் இருவரும் மூட்டையுமாகச் சுமார் 300 கிலோ எடையை அச்சிறு எஞ்சின் தூக்கிச் செல்ல வேண்டும். சக்கரம் மெதுவாகச் சுழல, எஞ்சினோ தாழ்ந்த கியரிலே விரைந்து சுழல்கின்றது. பெற்றோல் தரும் சக்தியிற் பெரும்பங்கு வெப்பமாகவே கழிகின்றது. உழைப்பு மிகுதி, காற்றோ குறைவு. பனி மூடிய சாலையிலே நாம் குளிரால் நடுங்கும்போது, நம் கால்களுக்கிடையே ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

எண்ணெயின் இரு தொழில்

என் தமக்கையின் மகனுக்கு நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையொன்றிலே ஆசிரிய நியமனம் கிடைத்தது. இப்பாதையில் அடிக்கடி ஏறியிறங்க வேண்டிய நிலை. தன்னுடைய மோட்டார் சைக்கிளைக் கொண்டே அதனைச் சமாளிக்கலாம் என்பது அவன் எண்ணம்; மலைப்பாதையில் இந்த வண்டியை நம்பலாமோ என்பது அவன் தாயாரின் கவலை. அந்தக் கவலையின் பிரதிநிதியாகவே நான் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றேன்.

அவன் வாளாவிருக்கவில்லை. புறப்படுமுன் வண்டிக்கு ‘ஒயில் கூலர்’ ஒன்றைத் தன் கையாலேயே பொருத்தியிருந்தான். எஞ்சினுக்குள் எண்ணெய்க்கு இரண்டு தொழில்கள் உண்டு. உராயும் பாகங்களைத் தேயாமற் காப்பது ஒன்று. அங்கே பிறக்கும் வெப்பத்தைச் சுமந்து வெளியேற்றுவது மற்றது. அளவுக்கு மீறிச் சூடேறிய எண்ணெய் நீர்த்துப் போய் முதல் தொழிலையும் கைவிடுகின்றது. எனவே எண்ணெயை ஒரு குழாய் வழியே வெளியே கொணர்ந்து, காற்றுப் படும்படி முன்புறத்திலே பூட்டிய தகட்டுப் பெட்டியினூடே ஓடவிட்டு, இன்னொரு குழாய் வழியே மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்புகிறார்கள். இது புதுமையன்று. 1985 இல் வெளிவந்த சுசுக்கி ‘ஜீ.எஸ்.எக்ஸ்-ஆர் 750’ என்னும் வண்டி, எஞ்சினைக் குளிர்விக்கும் பொறுப்பை எண்ணெயிடமே பெரிதும் ஒப்படைத்தது. 2016 இல் மலைப்பாதைகளையே மனத்திற் கொண்டு வெளியிடப்பட்ட றோயல் என்பீல்ட் ‘ஹிமாலயன்’ வண்டியிலும் இந்தக் கருவி முன்கூட்டியே பொருத்தப்பட்டிருந்தது.

ஆயின், கருவி ஒன்றைச் சேர்க்குமிடத்தில் மூட்டுகளும் சேர்கின்றன. மூட்டுள்ள இடமெல்லாம் கசிவுக்கும் இடமுண்டு.

கம்பளைக்கு அப்பால்

பதினான்காம் நூற்றாண்டிலே சிங்கள மன்னர்களின் தலைநகராய் விளங்கிய கம்பளையைக் கடந்ததும் ஏற்றம் தன் முகத்தைக் காட்டத் தொடங்கிற்று. வளைவுக்கு மேல் வளைவு, இருமருங்கும் தேயிலை. புசல்லாவையை அணுகுகையில் எண்ணெய் கருகும் மணம் மூக்கிலே பட்டது. குனிந்து பார்த்தேன். புகைக்குழாயிலிருந்து மெல்லிய நீலப்புகை எழுந்தது. என் காற்சட்டையின் ஓரத்திலே கரும்புள்ளிகள். பின்சக்கரத்து ரயரின் விளிம்பிலும் ஈரம் மினுங்கிற்று. ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளமுமான சாலையிலே, ரயரில் எண்ணெய் படுவதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. வண்டியை உருட்டிக்கொண்டே கடைத்தெரு ஓரத்துக் கராஜ் ஒன்றை அடைந்தோம்.

தகட்டுப் பெட்டியின் அடியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. மருமகன் ஸ்பானரை எடுத்து, “மாமா, கீழே இருக்கிற போல்ட்டைக் கொஞ்சம் இறுக்கினால் நின்றுவிடும்” என்றான். கராஜ்காரர் அவன் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“தம்பி, சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற. மொதல்ல எங்க ஒழுகுதுன்னு பார்ப்போம்.”

அறுபது வயது மதிக்கத்தக்க அந்தப் பெரியவரின் தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலையொன்றின் இயந்திர அறையிலே வேலை செய்தவராம். தேயிலை அயல் மணத்தை இலகுவில் ஈர்த்துக்கொள்ளும். கொழுந்தை உருட்டும் இயந்திரத்திலிருந்து சிறிது எண்ணெய் ஒழுகினாலும் தேயிலை பாழ். ஆகவே கசிவின் மூலத்தைத் தேடுவது அவர்கள் குடும்பத்துக்குக் கைவந்த கலையாயிற்று.

அவர் அந்தப் பகுதி முழுவதையும் மண்ணெண்ணெயாற் கழுவி, துணியால் ஈரமறத் துடைத்து, முகத்திற் பூசும் பவுடரை மெல்லத் தூவினார். வகுப்பறைச் சோக்கட்டியின் தூளும் இதற்கு உதவும். பின்பு எஞ்சினை ஓடவிட்டார். சிறிது நேரத்தில் அந்த வெண்மையின் மீது ஒரு கரிய கோடு மேலிருந்து கீழாக ஊரிற்று. அதன் தொடக்கம் அடியிலன்று, உச்சியிலுள்ள மூட்டிலே! அங்கே பிறந்த துளி குழாயின் அடிப்புறமாக ஊர்ந்து, தகட்டுப் பெட்டியின் கீழ்விளிம்பிலே சொட்டி, ஓடும்போது காற்றால் பின்னோக்கி வீசப்பட்டிருக்கிறது. கீழ் போல்ட்டை எவ்வளவு இறுக்கினும் பயன் விளைந்திராது.

செம்பு தந்த பாடம்

அந்த மூட்டிலே, நடுவில் துளையுள்ள ஒரு போல்ட் எண்ணெய்க் குழாயின் நுனி வளையத்தைத் தாங்குகின்றது. வளையத்தின் இருபுறமும் இரண்டு செம்பு வாஷர்கள். இறுக்கும்போது செம்பு நசுங்கி, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை நிரப்புவதாலேயே எண்ணெய் நிற்கின்றது. ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிவிடும். மறுமுறை அதே இசைவு அதற்கில்லை. மருமகன் முன்னர் கழற்றிய வாஷர்களையே மீண்டும் பூட்டியிருந்தான்.

அந்த அளவில் புதிய வாஷர்கள் கராஜிலே இல்லை. பெரியவர் பழையவற்றைக் கம்பியிற் கோத்து, சுவாலையிலே செந்நிறமாகும்வரை காய்ச்சி, தண்ணீரில் இட்டார். மாணவர்கள் இதைக் கவனித்தல் நன்று. உருக்கைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தால் அது கடினமாகும்; செம்போ அவ்வாறு செய்தால் மென்மையாகும். மென்மை பெற்ற வாஷர்களை, கண்ணாடித் துண்டின்மேல் விரித்த நுண்ணிய எமரித் தாளிலே தேய்த்துச் சமப்படுத்தினார்.

இன்னொரு குறையையும் அவர் கண்டுபிடித்தார். குழாய் சற்றே குட்டையாய் விறைத்து நின்றதால், எஞ்சினின் அதிர்வு முழுவதும் அந்த மூட்டையே இழுத்துக்கொண்டிருந்தது. தகட்டுப் பெட்டியின் பிடியைச் சிறிது திருப்பிக் குழாய்க்குத் தளர்வு கொடுத்தார். அது சட்டத்தில் உராயுமிடத்தில் ரப்பர்த் துண்டொன்றைச் சுற்றினார். போல்ட்டைப் பூட்டும்போது அவர் முழுப்பலத்தையும் காட்டவில்லை. எஞ்சினின் உடல் அலுமினியம். மிகையாக இறுக்கினால் அதன் மரை உரிந்துவிடும்.

“இறுக்கினா நிக்கும்னு நெனைக்காதீங்க தம்பி, பொருந்தினாத்தான் நிக்கும்” என்றார்.

பாடசாலைப் பணியை ஏற்கப் போகும் இளைஞன் கேட்க வேண்டிய வார்த்தை இதுவென எனக்குத் தோன்றிற்று.

குறைந்த எண்ணெயை ஊற்றியபின், எஞ்சினைச் சற்றே ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, வண்டியை நேராக நிமிர்த்தி அளவு பார்த்தோம். குழாய்களும் தகட்டுப் பெட்டியும் தமக்கெனச் சிறிது எண்ணெயை வைத்துக்கொள்வதால், இவ்வாறு ஓடவிட்டுப் பார்த்தாலன்றிச் சரியான அளவு தெரியாது. ரயரையும் நன்கு கழுவித் துடைத்த பின்னரே பெரியவர் எங்களுக்கு விடை கொடுத்தார்.

மேலே, மேலே

அதன்பின் கண்கள் புகைக்குழாயை விட்டு வெளியே திரும்பின. வலப்புறம் தாழ்வாரத்திலே கொத்மலை நீர்த்தேக்கம் வெள்ளித் தகடாய்க் கிடந்தது. மகாவலித் திட்டத்தின்கீழ் 1985 இல் நிறைவுற்ற அதன் அடியிலே, முன்னர் மக்கள் வாழ்ந்த கிராமங்கள் உறங்குகின்றன. குன்றொன்றின்மேல் சின்மயா மிஷன் அமைத்த ஆஞ்சநேயர் கோயிலும், 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் இறம்பொடை நீர்வீழ்ச்சியும், மலையைக் குடைந்த சுரங்கப் பாதையும் அடுத்தடுத்து நம்மை வரவேற்கின்றன. லபுக்கலையிலே பார்க்குமிடமெல்லாம் தேயிலை. 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் தொடக்கிவைத்த தேயிலைச் செய்கை, காப்பி நோயால் அழிந்தபின் இம்மலைகளை மூடிற்று. அந்தப் பசுமை தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் வியர்வை என்பதை இப்பாதையிற் செல்வோர் மறத்தலாகாது. 1948 இல் குடியுரிமையையே இழந்து, நெடுங்காலம் போராடி மீளப் பெற்றவர்கள் அவர்கள். அம்மக்களின் குழந்தைகளுக்குக் கற்பிக்கவே எங்கள் பையன் போகிறான்.

நுவரெலியாவின் விடியற்குளிரிலே ‘ஒயில் கூலர்’ வேறொரு முகத்தைக் காட்டும். எண்ணெய் போதிய சூடு பெறாவிடின், எஞ்சினுக்குள் உண்டாகும் நீராவி வெளியேறாது எண்ணெயோடு கலந்து, அதனைப் பால்போல் வெளுக்கச் செய்யும். ஆதலால் குளிரில் இறங்கும்போது தகட்டுப் பெட்டியின் பாதியை அட்டையால் மறைக்கும்படி பெரியவர் சொல்லியனுப்பியிருந்தார். எண்ணெய் சூடேறும்வரை அதனைப் பெட்டிக்குள் விடாது தடுக்கும் ‘தேர்மோஸ்ரற்’ இருந்தால் அட்டையும் வேண்டியதில்லை.

தமக்கையாரிடம் நான் கொடுத்த அறிக்கை சுருக்கமானது: வண்டியை நம்பலாம், ஆனால் வாரந்தோறும் பார்க்க வேண்டும். இப்பொழுது ஞாயிறு தவறாமல் மூட்டுகளைத் துடைத்து, பவுடர் தூவிப் பார்த்த பின்னரே வண்டியை எடுக்கிறான் என அறிகிறேன். மலைப்பாதையிற் செல்லவிருக்கும் இளைஞர்களும் அவ்வழக்கத்தைக் கைக்கொள்வார்களாக. புசல்லாவைக்கு மேலே வளைவுகள் பல. அங்கே ஒரு துளி எண்ணெயும் சிறிய விடயமன்று.