பழைய வழிகாட்டி, புதிய பிள்ளை

நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரிய நண்பர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

கிரேடில் என்றொரு கருவி இருக்கிறது. நாம் எழுதும் நிரலையும் அதற்குத் தேவையான வெளி நூலகங்களையும் சேர்த்து, ஓடக்கூடிய செயலியாகக் கட்டித் தருவது இதுதான். அன்ட்ரொய்ட் செயலி செய்பவர்கள் எல்லோரும் இதைத் தொட்டிருப்பார்கள். முன்பு ஒரு நூலகத்தைச் சேர்க்க 'கம்பைல்' என்று ஒரு வரி எழுதுவோம். 2017இல் வந்த 3.4 பதிப்பு அதற்குப் பதிலாக 'இம்ப்ளிமென்டேஷன்', 'ஏபிஐ' என்று இரண்டு சொற்களைத் தந்தது. பழைய சொல்லும் சில வருடங்கள் ஓடியது. 2021 ஏப்ரலில் வந்த 7.0 பதிப்பில் அதை ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். நூலகங்களை இறக்கித் தந்த ஜேசென்டர் களஞ்சியத்தை மூடப்போவதாக அறிவித்ததும் அதே வருடம்தான்.

கிரேடிலின் சொந்த ஆவணத்தில் இவையெல்லாம் இருக்கின்றன. ஆனால் பல நூலகங்களின் அறிமுகக் குறிப்புகளில் இன்னும் அந்தப் பழைய வரிதான்.

உயர்தரம் படிக்கும் ஒரு மாணவன் வகுப்பு முடிந்ததும் வந்து, "சேர், எனக்கு இது சரிவராது போல. விட்டுடப் போறன்" என்றான். குறிப்பில் இருந்ததை எழுத்துக்கெழுத்து போட்டிருக்கிறான். 'கம்பைல்' என்பதைக் காணவில்லை என்று எரர் வந்து நிற்கிறது. மூன்று இரவும், வாங்கிய டேட்டாவும் போய்விட்டன. ஒரு சொல்லை மாற்றினோம். ஓடியது.

அனுபவசாலிக்கு இது பெரிய விஷயமே இல்லை. கண் பழைய சொல்லை வாசிக்கும், கை புதிய சொல்லை எழுதும். அதனால்தான் அந்த வரி வருடக்கணக்காக அப்படியே கிடக்கிறது. புதிதாக வரும் பிள்ளைக்கோ எது குறிப்பின் பிழை, எது தன் பிழை என்று தெரியாது. கேட்க ஆளில்லாத பிள்ளை தன்னைத்தான் சந்தேகிக்கும்.

சரி, பழைய சொல்லை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டால் போதுமா? போதாது. ஒரு நூலகம் நம் நிரலுக்குள் மட்டும் தேவையென்றால் 'இம்ப்ளிமென்டேஷன்'. நாம் செய்யும் நூலகத்தைப் பாவிப்பவருக்கும் அது நேரடியாகத் தெரிய வேண்டுமென்றால் 'ஏபிஐ'. பழைய சொல்லில் இந்த வேறுபாடு இல்லை. ஆகவே திருத்துபவர் விளங்கித் திருத்த வேண்டும். எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று மேலேயே போட வேண்டும். பழைய பதிப்பில் இருப்பவருக்கான வரியைத் தனித் தலைப்பில் வைக்கலாம். கடைசியாக, ஒரு வெறும் கோப்புறையில் புதிதாகத் தொடங்கி, தான் எழுதியதைத் தானே ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

இந்தப் பிழைகள் முதலில் கண்ணில் படுவது புதியவர்களுக்குத்தான். பிள்ளைகளே, தடுக்கிய இடத்தைத் தாண்டியதும் ஓடிவிடாதீர்கள். பெரும்பாலான நூலகங்களின் குறிப்புகள் கிட்ஹப்பில் திறந்தே கிடக்கின்றன. திருத்தி அனுப்புங்கள். ஏற்பதும் விடுவதும் அவர்கள் விருப்பம்.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஸதகா என்று சின்ன வயதிலேயே படித்திருக்கிறோம். பின்னால் வருபவர் யாரென்று தெரியாமலேயே செய்யும் நன்மை அது. இதுவும் அப்படித்தான்.